சாப்பாட்டுக் கடைக்குள் நாம் நுழைந்த கதை



சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு மலாக்கா பட்டணத்துக்குப் போவதும், சாமான்கள் வாங்குவதும், வாழை இலை போட்டுச் சாப்பிட்டுத் திரும்புவதும் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. இப்போது பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். பெற்றோரை அழைத்துப் போய்ப் பெரிய ஓட்டல்களில் 'புஃபே' என்னும் விருந்தும் உண்ண வைக்கிறார்கள். காசு கொடுத்தோம், உட்கார்ந்தோம், உண்டோம் என்று இது மிகச் சாதாரணமாகத் தோன்றுகிறது. ஆனால் கையில் காசு இருந்தும் உள்ளே உட்கார முடியாமல் நின்றவர்கள் நம் முன்னோரில் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வரலாறே.

பழந்தமிழ் நாட்டில் தின்பண்டம் விற்பது உண்டு. புகார் நகர வீதியில் பிட்டும் அப்பமும் விற்றவர்களைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஆனால் ஒரு வேளைச் சோற்றை முன்பின் அறியாதவரிடம் விலை கொடுத்து வாங்கி உண்பதை நம் மக்கள் நெடுங்காலம் விரும்பியதில்லை. வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரத்தைப் போன்றவை விலையின்றிச் சோறிட்டன. சோறு இலவசம்தான், ஆயினும் யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் பாத்திரத்தை யார் தொடுவது என்ற கட்டுப்பாடுகள் சமுதாயத்தில் இறுகிக் கிடந்தன. ஒருவரோடு ஒருவர் உண்ணுவதா இல்லையா என்பதே சாதியின் அளவுகோலாக இருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டை முதலில் அசைத்தது இரயில் வண்டி. 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதிக்குத் தென்னிந்தியாவின் முதல் வண்டி ஓடியது. சீட்டு வாங்கியவர் எல்லாரும் ஒரே பெட்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். வேறு வழி இல்லை. ஆனால் வண்டி நின்ற இடத்தில் பழைய கணக்கு மறுபடியும் வந்துவிட்டது! நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று பிரித்து வைத்தார்கள். ஒரே பெட்டியில் பல மைல் சேர்ந்து வந்தவர்கள் ஒரு வாய் காப்பிக்காகப் பிரிந்து போனார்கள். பெரியார் ஈ.வெ.ராமசாமியும் அவரைச் சார்ந்தவர்களும் இதை எதிர்த்துக் கிளர்ச்சிக்கு ஆயத்தமான பிறகு, 1941-இல் இப்பிரிவினை இரயில் நிலையங்களிலிருந்து எடுக்கப்பட்டது.

இங்கே கொஞ்சம் இலண்டன் மாநகரத்தையும் பார்க்க வேண்டும். பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்பவர் 1810-லேயே அங்கு இந்திய உணவு விடுதி ஒன்றைத் திறந்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பிறகு 1926-இல் எட்வர்ட் பாமர் என்பவர் ரீஜண்ட் வீதியில் தொடங்கிய விடுதிக்கு 'வீராசாமி' என்ற நம்முடைய பெயரையே வைத்தார். வெள்ளைக்காரச் சீமான்கள் பணத்தைக் கொட்டி அங்கே நம் குழம்பை உண்டார்கள். வீராசாமி பெயரில் இலண்டனில் துரைமார் உண்டுகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், தமிழ்நாட்டு இரயில் நிலையத்தில் உண்மையான ஒரு வீராசாமி தமக்கென ஒதுக்கிய இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது.

நகரத்து ஓட்டல்களின் கதையும் இதை ஒட்டியதே. தென் கன்னடப் பகுதியின் உடுப்பியிலிருந்து வந்தவர்கள் சைவச் சிற்றுண்டித் தொழிலைச் சென்னையில் வளர்த்தார்கள். அவர்களுள் கே. கிருஷ்ணராவ் என்பவர் சிறு வயதில் அடுப்படி வேலை செய்தவர். 1938-இல் 'உட்லண்ட்ஸ்' ஓட்டலைத் தொடங்கும் அளவுக்கு உயர்ந்தார். இட்டிலி, தோசை, காப்பி ஆகிய மூன்றும் கடையில் உட்கார்ந்து உண்ணும் பண்டங்களாக நாடெங்கும் பரவியதில் உடுப்பிக்காரர்களின் பங்கு பெரிது. அவர்கள் காட்டிய சுத்தத்தையும் சுறுசுறுப்பையும் நாம் பாராட்டத்தான் வேண்டும்.

டபராவும் டம்ளரும் உங்களுக்குத் தெரியும். டம்ளரின் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருக்கும். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள அது வசதி. எச்சில் படக்கூடாது என்ற எண்ணம் ஒரு பாத்திரத்தின் வடிவத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். வாழை இலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. உண்டதும் மடித்து எறிந்துவிடலாம். அடுத்தவருக்குப் புது இலை. தகராறெல்லாம் கழுவித் திரும்ப எடுக்கும் பாத்திரத்தில்தான் வந்தது. கிராமத்துத் தேநீர்க் கடைகளில் சில சாதியாருக்கு மட்டும் வேறு குவளை வைக்கும் 'இரட்டைக் குவளை' முறை இப்படித்தான் பிறந்தது.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம், கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்களுக்கான சட்டமும் வந்தது. சட்டம் வந்த பிறகும் கடைகளின் பலகைகளில் சாதிப் பெயர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் 'முரளி கபே' என்னும் கடையின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துத் திராவிடர் கழகத்தார் 1957-இல் மறியல் தொடங்கினார்கள். நாள்தோறும் சிலராகச் சென்று பல மாதங்கள் சிறைப்பட்டார்கள். மறு ஆண்டு பெயர் மாறியது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறை போவதா என்று சிலர் கேட்கக்கூடும். வாசலில் நின்று அந்தச் சொல்லைப் படிக்க வேண்டியிருந்தவரைத்தான் அதைக் கேட்க வேண்டும். இரட்டைக் குவளையோ இன்றைக்கும் தமிழ்நாட்டின் சில ஊர்களில் முற்றாக ஒழியவில்லை என்று கள ஆய்வு செய்வோர் எழுதுகிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

கடை வைத்து விற்கும் மக்கள் மலாக்காவுக்குப் புதியவர்கள் அல்லர். போர்த்துக்கீசியர் 1511-இல் இந்நகரைப் பிடிப்பதற்கு முன்பே சோழமண்டலக் கரை வணிகர் இங்கே தங்கி, பருவக் காற்றுக்காகக் காத்திருந்து, இந்த மண்ணின் பெண்களை மணந்து குடும்பமாயினர். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் அவர்கள் வழிவந்தவர்கள். பேச்சு மலாய் ஆயிற்று. ஆயினும் போகியன்று முன்னோருக்கு வாழை இலையில் படையலிடும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. பின்னாளில் வட்டித் தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் கிட்டங்கிகளில் சொந்தச் சமையற்காரரை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் நடத்தும் மாசிமகத் திருவிழாவுக்குத் தோட்டத்து மக்கள் செங் சன்னாசிமலைக்குத் திரளாகச் செல்வார்கள். அன்னதானத்தில் உண்டு களிப்பார்கள். அது கோயில் சோறு. கடைச் சோறு வேறு.

ரப்பர் வந்த பிறகே நம்மவர் பெருந்தொகையாக வந்தனர். 1896-இல் டான் சே யான் என்னும் சீனப் பெரியவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டமே போட்டார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்து வந்தார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் எந்தச் சாதி என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே இடமில்லை. ஆனால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் லயங்கள் மறுபடியும் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியார் வீட்டில் மறுபகுதியார் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். மரம் சீவுவது மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்!

அந்தக் காலத்தில் கடையில் உண்ணக் கையில் என்ன இருந்தது? ஒரு நாள் கூலி ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930-இல், அதையும் நாற்பது காசாகவும் முப்பத்திரண்டு காசாகவும் குறைத்துவிட்டார்கள். பழைய சோறும் ஊறுகாயும், போத்தலில் ஆறிப்போன வரக்கோப்பியுமே அன்றைய உணவு. பட்டணத்துக்குப் போனால் ஒரு கோப்பி, ஒரு பலகாரம். அதுவே பெரிய காரியம்.

நம்மவர் சிலர் நடத்திய கடைகளில், தோட்டத்திலிருந்து வந்தவரைப் பார்த்தவுடனே ஆளின் சாதியை எடைபோட்டு, பின்பக்கத்தில் நிற்கவைத்துத் தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்ல நாங்கள் கேட்டிருக்கிறோம். சொல்லும்போது அவர்கள் கோபப்பட்டதில்லை, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவர்களே மகிழ்ச்சியோடு சொன்ன வேறொன்றும் உண்டு. பளிங்குக்கல் மேசை போட்ட ஹைலாம் சீனரின் கோப்பிக் கடையில் எந்தச் சாதி என்று கேட்க ஆளில்லை. காசை வைத்தால் கோப்பி வரும். அதே கோப்பையில்தான் பக்கத்து மேசைச் சீனரும் குடிப்பார், மலாய்க்காரரும் குடிப்பார். நம் ஆட்கள் முதன்முதலில் சரிசமமாக நாற்காலியில் உட்கார்ந்து குடித்தது பல ஊர்களில் அங்கேதான்.

இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். பினாங்குத் துறைமுகத்தில் தோளில் ஒரு காவடிக் கம்பைச் சுமந்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகக் கப்பல் கூலிகளுக்கு விற்றார்கள். காவுகம்புக்கு மலாயில் 'கண்டார்' என்று பெயர். 'நாசி கண்டார்' என்ற பெயர் அதனால் வந்தது. அவ்வூரின் ஹமீதியா கடை 1907 முதல் நடந்து வருவதாகக் கூறுகிறது. கம்பை இறக்கிவைத்து மேசை போட்டதும் அது 'நானா கடை' ஆயிற்று. பிறகு நாடு முழுவதும் 'மாமாக் கடை' ஆயிற்று. ஹலால் உணவு என்பதால் மலாய்க்காரர் வந்தார்கள். விலை குறைவு என்பதால் எல்லாரும் வந்தார்கள். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் இந்தியாவில் அந்தப் பெயரில் இல்லை; இங்கேயே உருவான பெயர்கள் அவை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை எல்லா இனத்தாரும் ஒன்றாக அமர்ந்து பசியாறும் மலேசிய வழக்கம் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தகரக் குவளையை எண்ணிப் பார்க்கும்போது, இது சின்னச் செய்தியாக நமக்குப் படவில்லை.

சைவ உணவு விடுதிகளும் வளர்ந்தன. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 'கோமள விலாஸ்' 1947-இல் தொடங்கியது. போருக்குப் பின்னர், மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிழைத்த மக்களுக்கு வெள்ளைச் சோறே விருந்தாக இருந்த நேரம் அது. மலாக்காவில் ஜாலான் தெமெங்கோங், ஜாலான் பெண்டகாரா பகுதியில் இலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. நகரம் 2008-இல் உலக மரபு நகரமானதிலிருந்து வெளிநாட்டாரும் அங்கே வந்து இலைமுன் அமர்ந்து, கையால் பிசைந்து உண்ணப் பழகுகிறார்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. தோட்டத்துப் பெண் விடியுமுன் எழுந்து சமைத்துவைத்துவிட்டுப் பிரட்டுக்கு ஓடியவள். கூலி வாங்கியவள் அவளும்தான். ஆனால் கோப்பிக் கடை நாற்காலி நெடுங்காலம் ஆண்களுடையதாகவே இருந்தது. குடும்பத்தோடு போய் உண்ணும் பழக்கம் வந்த பிறகே, தான் சமைக்காத சோற்றை அவள் உட்கார்ந்து உண்டாள். அடுப்புப் பக்கம் போகாத அந்த ஒரு வேளையின் அருமை ஆண்களுக்குப் புரிவதில்லை.

புஃபே விருந்து இவற்றுக்கெல்லாம் மறுமுனை. சுவீடன் நாட்டாரின் இவ்வழக்கம் 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பலருக்கு அறிமுகமானது. அங்கே பரிமாறுபவர் இல்லை. ஒரே கரண்டியைப் பத்துப் பேர் பிடிக்கிறார்கள். முன்னால் தொட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தட்டில் மலைபோல் குவித்துப் பாதியை விட்டுவிடும் பழக்கம் மட்டும் நமக்குப் பிடிக்கவில்லை. கோலாலம்பூரின் பெரிய ஓட்டல்களில் இரவு விருந்துக்கு ஆள் ஒன்றுக்கு நூறு வெள்ளியைத் தாண்டிப் போகிறது. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி; இருபத்தாறு நாளால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து வெள்ளி. நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரு முறை போய்வர எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இன்று நம் பட்டணத்து இலைக் கடைகளில் சமைப்பவரும் பரிமாறுபவரும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்கள். நம் பாட்டன்மார் மரம் சீவ வந்தது போல இவர்கள் அடுப்புக்கு வந்திருக்கிறார்கள். பகல் கூட்டம் கலைந்து, கடைசி இலையும் எடுக்கப்பட்ட பிறகு, பின்கட்டு மேசையில் அவர்கள் தங்கள் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். அப்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும்.