கூகுளில் கிடைத்த செஞ்சிக்கோட்டை போட்டோவை விக்கிப்பீடியாவில் போடலாமா? 'ஃபேர் யூஸ்' உண்மையில் என்ன சொல்கிறது?

2025 ஜூலை 11. பாரிஸில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சமுள்ள ஒன்று, விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் நம்ம செஞ்சிக்கோட்டை.

ஊருக்கு இப்படி ஒரு பெருமை வந்தால், அதைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத ஆசை வருவது சகஜம். கல்யாண மஹால் பற்றி நாலு பத்தி எழுதியாச்சு. படம் வேணுமே? கூகுளில் தேடி, அழகான ஒரு போட்டோவை டவுன்லோடு செய்து, கீழே 'நன்றி: கூகுள்' என்று போட்டு ஏற்றியாச்சு. சில நாளில் பார்த்தால் படத்தைக் காணோம். நீக்கிவிட்டார்கள்.

"நான் காசுக்கா பண்ணேன்? ஃபேர் யூஸ்தானே?" என்ற கேள்வி வரும். இதில் சட்டம் என்ன சொல்கிறது, பார்க்கலாம்.

கோட்டை பல நூறு வருஷம் பழசு. அப்புறம் எப்படி காப்புரிமை?

கோட்டைக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் அதைப் படம் எடுத்தவரின் போட்டோவுக்கு உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி போட்டோ ஒரு கலைப் படைப்பு. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, போட்டோ மேல் பெயர் இருக்க வேண்டியதும் இல்லை. ஷட்டரை அழுத்திய நிமிஷமே உரிமை வந்துவிடும்.

எவ்வளவு காலத்துக்கு? எடுத்தவரின் வாழ்நாள் முழுக்க, அவர் இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டுகள். 2012 சட்டத்திருத்தத்துக்கு முன்பு, போட்டோ வெளியானதில் இருந்து 60 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள்.

கூகுள் வெறும் தேடுபொறி, படத்தின் உரிமையாளர் இல்லை. அதனால் 'நன்றி: கூகுள்' என்று போடுவதில் சட்டப்படி எந்தப் பயனும் இல்லை. எடுத்தவர் பெயரையே போட்டாலும் அது அனுமதி வாங்கியதாக ஆகாது.

ஃபேர் யூஸ், ஃபேர் டீலிங்: இரண்டும் ஒன்றா?

இல்லை. 'ஃபேர் யூஸ்' அமெரிக்கச் சட்டம். அங்கே நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள். எதற்காகப் பயன்படுத்தினீர்கள், மூலப் படைப்பு எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு எடுத்தீர்கள், உங்கள் செயலால் உரிமையாளரின் வியாபாரம் கெடுமா?

இந்தியாவில் இருப்பது 'ஃபேர் டீலிங்'. சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டே சொல்கிறது: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி. "பொதுமக்களுக்குப் பயன்படும்", "நான் சம்பாதிக்கலை" என்ற காரணங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்காவில் இருக்கிறது. அதனால் அங்கே ஃபேர் யூஸ் பேச்சு அடிபடுகிறது. ஆனால் விக்கி தன் விதிகளைச் சட்டத்தை விடவும் கறாராக வைத்திருக்கிறது.

அப்படி என்ன விதி?

2007 மார்ச்சில் அறக்கட்டளை ஒரு தீர்மானம் போட்டது. படங்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி சுதந்திர உரிமத்தில் இருக்க வேண்டும். விதிவிலக்கு வேண்டுமென்றால் அந்தந்த மொழி விக்கி தனியாகக் கொள்கை வகுத்துக்கொள்ளலாம். படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் மட்டும் ஃபேர் யூஸுக்கு இடமே இல்லை.

விதிவிலக்கு உள்ள ஆங்கில விக்கிப்பீடியாவில் முதல் கேள்வியே இதுதான்: 'இதற்குப் பதிலாக ஒரு சுதந்திரப் படம் இருக்கிறதா, அல்லது எடுக்க முடியுமா?' முடியும் என்றால் ஃபேர் யூஸ் இல்லை.

செஞ்சி போட்டோ அடிபடுவது இங்கேதான். கோட்டை அங்கேயே நிற்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் யார் வேண்டுமானாலும் போனில் எடுக்கலாம். அப்படியிருக்க, அடுத்தவர் போட்டோவை எடுக்க என்ன அவசியம்?

அப்போ ஃபேர் யூஸ் எப்போதுதான் செல்லும்?

செஞ்சி சம்பந்தப்பட்ட ஒரு உதாரணம் பார்ப்போம். எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' 1960-ல் வெளியானது. அந்தப் படத்தைப் பற்றிய கட்டுரையில் அதன் போஸ்டரைப் போடலாம். போஸ்டரை நாம் புதிதாக உருவாக்க முடியாது, எந்தப் படம் என்று அடையாளம் காட்டவும் அது தேவை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. சிறிய அளவில், குறைந்த தெளிவில் இருக்கணும். ஏன் தேவை என்று எழுதணும். அந்தக் கட்டுரையோடு நிறுத்தணும். அதே போஸ்டரை எடுத்து 'செஞ்சிக்கோட்டை' கட்டுரையில் அலங்காரத்துக்கு வைத்தால் செல்லாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தியச் சட்டப்படி சினிமாவுக்கு வெளியானதில் இருந்து 60 ஆண்டுகள்தான். அதாவது 1960-ல் வந்த படத்தின் உரிமை 2020 இறுதியோடு முடிந்தது. ஆனால் போஸ்டர் ஓவியம் தனிப் படைப்பு, அதற்கு வரைந்தவரின் வாழ்நாள் கணக்கு. படத்துக்கும் அமெரிக்காவில் 95 ஆண்டு கணக்கு ஓடுகிறது. காமன்ஸில் ஏற்ற இரு நாட்டிலும் உரிமை முடிந்திருக்கணும்.

சிலை, கட்டடங்களைப் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக வைத்துள்ள சிற்பங்களையும் படம் எடுத்து வெளியிட அதே 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ட்ரோன் மட்டும் வேண்டாம். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

ஸ்டுடியோக்காரர் எடுத்த அருமையான படம்தான் வேணும் என்றால்?

அவரிடமே கேளுங்கள். ஆனால் "விக்கிப்பீடியாவுக்கு மட்டும் போட்டுக்கோங்க" என்ற அனுமதி போதாது. பெயர் குறிப்பிட்டால் யாரும், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அவர் எழுத்தில் தரணும். அதை அவரே காமன்ஸின் அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம்.

இதை அவருக்கு விளக்கிச் சொல்வது முக்கியம். விடியற்காலையில் ராஜகிரி ஏறி எடுத்த படம் அது. அதை விற்றுத்தான் அவர் பிழைக்கிறார். ஒருமுறை இந்த உரிமத்தில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. முடியாது என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

மீறினால் என்ன ஆகும்?

விக்கியில் படம் நீங்கும், திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கு முடக்கப்படலாம். சட்டப்படி, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது.

ஏற்றும் முன் இதை மட்டும் பாருங்க

* படம் எடுத்தது நானா? நண்பர் என் போனில் எடுத்திருந்தாலும், எடுத்தவர் அவர்தான்.
* வாட்ஸ்அப்பில் வந்ததா? அப்படியென்றால் தொடாதீங்க.
* 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற உரிமமா? காமன்ஸ் ஏற்காது.
* காமன்ஸில் ஏற்கெனவே இருக்கா? செஞ்சிக்கோட்டைப் படங்கள் அங்கே நிறைய உண்டு, முதலில் தேடுங்க.

இதெல்லாம் குழப்பமாக இருந்தால் சுலபமான வழி ஒன்று உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டிலோடு கோட்டைக்குப் போங்க. நீங்களே எடுங்க, உங்க பெயரிலேயே ஏற்றுங்க. அந்தப் படத்தை யாரும் நீக்கச் சொல்ல மாட்டாங்க.