அடுக்களைச் சுவர்

வீட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் வாயிலில் தொடங்கிக் கூடத்தில் முடித்துவிடுவர். திண்ணையின் அழகும் தூண்களின் வேலைப்பாடும் ஏடுகளில் பெற்ற இடத்தை அடுக்களை பெற்றதில்லை. விருந்தாக வந்தவர் கண்ணில் படாத இடம் எழுத வந்தவர் கண்ணிலும் படவில்லை போலும். இன்று தலைநகரில் நம்மவர் வாழும் அடுக்ககங்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் பணி எங்கே தொடங்கினாலும், முதலில் இடிபடுவது அடுக்களைக்கும் கூடத்திற்கும் இடையே நிற்கும் சுவரே. இளையோர் அதனை நாகரிகம் என்கின்றனர்; முதியோர் கூச்சமின்மை என்கின்றனர். அச்சுவர் எதற்காக எழுந்தது என்று இரு சாராரும் கேட்பதில்லை.

சமையலறைக்குத் தமிழில் மிகப் பழைய பெயர் அட்டில். ‘அடு’ என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல்லுக்கு அடுப்பும் அடுக்களையும் உறவுகள். பழந்தமிழ் நூல்கள் அட்டிலுக்குள் நம்மை அழைத்துச் செல்லும் இடங்களுள் மூன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு புதுமணப்பெண்ணைக் காட்டுகிறார். தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் படிய அவள் சமைக்கிறாள். நற்றிணையின் 120ஆம் பாட்டில் மாங்குடி கிழார் காட்டும் தலைவியோ கணவன்மேல் ஊடல் கொண்டவள். வாளைமீனை அரிந்து சமைக்கையில் புகையால் அவள் கண்கள் வருந்துகின்றன. நெற்றி வியர்வையை முன்றானையால் ஒற்றிக்கொள்கிறாள். விருந்தினர் எவரேனும் வந்தால் அவள் சினம் மறைந்து சிரிக்கக் காணலாமே என்று கணவன் ஏங்குகிறான். மூன்றாவது, சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை. மாதரி தந்த மனையில் கோவலனுக்குக் கண்ணகி ஆக்கிய கடைசி உணவு அது. காய் அரிந்த விரல் சிவக்க, முகம் வியர்க்க, அவள் கண்ணும் சிவந்தது என்கிறார் இளங்கோவடிகள்.

மூன்று புலவரும் சொல்லிவைத்தாற்போல் சமைப்பவளின் கண்ணைப் பார்த்திருக்கின்றனர். உணவின் சுவையைப் பாடியோர் பலர். அதன் விலையைக் கண்ணில் கண்டவர் இவர்கள். நற்றிணைப் பாட்டில் இன்னொன்றும் உண்டு. ஊடிய மனைவி இருக்குமிடம் அட்டில். கணவன் அவளுடன் பேச வழியின்றி வெளியே நிற்கிறான். சமையலறை வேலைக்களமாக மட்டுமின்றி ஒதுங்குமிடமாகவும் அன்றே இருந்தது.

விறகு எரியும் வீட்டில் சுவர் தேவையே. நம் ஊர்ப்பக்கத்துத் தெருவீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீண்டு சென்று கொல்லைக்கு அருகே அடுக்களை அமைந்ததற்குப் புகையும், தீப்பற்றும் அச்சமும், கிணற்றின் அண்மையும் போதிய காரணங்கள். ஆனால் அவை மட்டுமே காரணம் என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சமைத்த சோற்றின்மேல் பிற சாதியார் பார்வை படலாகாது என்ற வழக்கமும், வீட்டுப் பெண்டிர் அயலார் கண்ணில் படலாகாது என்ற வழக்கமும் அதே சுவரில் சாய்ந்து நின்றன. புகைக்கென எழுப்பிய சுவர் மனிதரைப் பிரிக்கவும் பயன்பட்டது. புகை போனபின்னும் அது நெடுநாள் நின்றதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

சுவரைப் பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளை எர்ன்ஸ்ட் மே என்பவர் கட்டுவித்தபோது, சமையலறையை வகுக்கும் பொறுப்பு மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1926இல் அவர் வகுத்த ‘பிராங்பர்ட் சமையலறை’ சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிற்றறை. ரயிலின் உணவு வண்டியில் அத்தனை சிறிய இடத்தில் அத்தனை பேருக்கு எவ்வாறு சமைக்கிறார்கள் என்பது அவருக்கு முன்மாதிரியாயிற்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊர் சென்று திரும்பும் நமக்கு இது எளிதில் விளங்கும். நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும்படி அலமாரிகள், பருப்பு மாவு வகைகளுக்கு மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள், அமர்ந்து நறுக்க ஓர் ஆசனம், ஈ அண்டாது என்று நம்பிப் பூசிய நீலப் பச்சை வண்ணம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைந்தது. தாம் அதற்குமுன் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவ்வம்மையாரே கூறியிருக்கிறார்!

பெண்ணின் நடையைக் குறைத்து அவள் நேரத்தை மீட்பதே அவர் நோக்கம். நேரம் மீண்டது, ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கத்தக்க அவ்வறையில் பெண் தனித்துவிட்டாள் என்று பின்வந்தோர் குறைகூறினர். 1952இல் பிரான்சின் மார்செய் நகரில் ல கொர்பூசியே எழுப்பிய பெருங்குடியிருப்பில் சார்லோத் பெரியான் என்ற பெண்மணி வகுத்த சமையலிடத்திற்கும் கூடத்திற்கும் இடையே முழுச்சுவர் இல்லை; தாழ்ந்த மேடையே உண்டு. சமைப்பவர் குடும்பத்தோடு பேசிக்கொண்டே சமைக்கலாம். திறந்த சமையலறை என்று இன்று நாம் பத்திரிகைப் படங்களில் காண்பது இவ்வழி வந்ததே.

நம் நாட்டில் இம்மாற்றம் ஏன் பிந்தியது? மின்சாரமும் எரிவாயுவும் வந்த வீட்டில்தான் சுவரைத் தாழ்த்த இயலும். நம் வீடுகளிலோ புகை இருந்தது. வார்தாவின் மகன்வாடியில் உருவான மகன் அடுப்பும், ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு வகுத்த புகையில்லா அடுப்பும் அதனைப் போக்கப் புறப்பட்டவை. கோடானுகோடி மக்களுக்கும் புகையற்ற சமையலறை வேண்டும் என்னும் பொருள்படத் தலைப்பிட்ட ராஜுவின் சிறுநூல் 1953இல் சென்னையில் அச்சாயிற்று. மண்ணால் ஆன அடுப்பும் ஒரு புகைக்குழாயும் போதும் என்பது அதன் சாரம். 1983இல் மைய அரசே மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது நின்றது. மண் வெடித்தது, குழாயில் கரி அடைத்தது, பழுது பார்க்க ஆளில்லை. கோப்புகளில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்று எழுத என் தொழில் என்னைத் தூண்டுகிறது, விடுகிறேன்.

சுவரை உண்மையில் அசைத்தது எரிவாயு உருளை. இண்டேன் நிறுவனத்தின் முதல் இணைப்பு 1965 அக்டோபர் 22இல் கல்கத்தாவில் வழங்கப்பட்டது. உருளையைவிட அடுப்பு உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. அடுப்போடு பெண்ணும் எழுந்து நின்றாள். மணையில் அமர்ந்து சமைத்தவள் நின்று சமைக்கத் தொடங்கியதைச் சிறு மாற்றம் என்று எண்ணுதல் ஆகாது. அரிவாள்மணை போய்க் கத்தி வந்தது. அம்மி போய் மிக்சி வந்தது. ஆனால் மேடையைக் கொத்தனார் எங்கே கட்டினார்? சுவரை ஒட்டி. நாள்முழுதும் சுவரைப் பார்த்து நிற்கும் நிலை அவளுக்கு வாய்த்தது.

தில்லியின் பழைய அரசுக் குடியிருப்புகளை அறிந்தோர் இதனை நன்கறிவர். அக்காலத்தில் கரி அங்கீட்டியை வெளியே வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கியபின் உள்ளே கொண்டுவருவார்கள். குளிர்காலத்தில் கதவை அடைத்து அங்கீட்டியை அறைக்குள் வைத்து உறங்கியோர் நச்சுக் காற்றால் மாண்ட செய்திகள் ஆண்டுதோறும் வரும். பின்னர் எரிவாயு வந்தது. கதவும் சுவரும் அப்படியே இருந்தன. ஒதுக்கீடு பெற்றவர் சுவரில் கைவைக்க விதியும் இடந்தராது. நேதாஜி நகர், சரோஜினி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016இல் அமைச்சரவை இசைந்தபின், அப்பழைய அடுக்களைகளிற் பல மண்ணோடு மண்ணாயின.

சொந்த வீடு வாங்கினோர் இப்போது சுவரை இடிக்கின்றனர். நான் இதனை வரவேற்பவன். எனினும் கண்ணை மூடிக்கொண்டு அன்று. பழைய செங்கற் கட்டடங்களில் 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் கூரையைத் தாங்குவது. 4½ அங்குலச் சுவரே வெறும் தடுப்பு. இதனைப் பொறியாளரிடம் கேட்டறியாமல் சம்மட்டியை எடுத்தல் கூடாது. அடுத்தது நம் தாளிப்பு. மேலைநாட்டார் அடுப்பில் வேகவைப்பதும் வாட்டுவதும் மிகுதி; நாமோ காய்ந்த எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் இடுவோம். கூடலூர் கிழார் கண்ட அதே புகை கூடத்துத் திரைச்சீலையில் ஏறும். மேடைக்கு மேல் புகைபோக்கி விசிறியும், அதன் குழாய் வெளிச்சுவரைத் துளைத்துச் செல்ல வழியும் வேண்டும். குழாயின்றிக் காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் கருவி நம் சமையலுக்குப் போதாது.

எங்கள் வீட்டில் பாதிச்சுவரை மட்டும் எடுத்தோம். மூன்றரை அடி உயரத்தில் அது நிற்கிறது. அதன்மேல் கருங்கற் பலகை. அடுப்பையும் அப்பக்கமே திருப்பி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தவள் என் மனைவி. கொத்தனாருக்கு அது விளங்கவில்லை. குழாயை நீட்டச் செலவாகும் என்றார். செலவானது. ஊரிலிருந்து வந்த என் தாயார், வந்தவர் போனவரெல்லாம் சோற்றுப் பானையைப் பார்ப்பார்களே என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் நாற்காலியைப் பலகைக்கு இப்பால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினாறு வயதில் ஈர விறகை ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் வீங்கிய கதையை மருமகளிடம் சொல்லத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளில் அக்கதையை நான் கேட்டதில்லை. அப்பால் நின்ற என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூண்டு உரிக்கும் வேலை என்னிடம் வந்தது.