வெட்டுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்: ஒரு ஜீப்பின் வரலாறு



நம் கீழ்த்தள பார்க்கிங்கில் சில மாதங்களாக ஒரு பழைய ஜீப் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்கார்டை வெட்டி, கூரையை எடுத்துவிட்டு, அகல டயர் பூட்டி, சைலன்சரையும் மாற்றியிருக்கிறார்கள். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கப் பிறந்த வண்டி, ஊருக்குள் வலம் வரும் அலங்காரத் தேராக மாறிவிட்டது. பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். பெரியவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று சங்கத்தில் புகார் சொல்கிறார்கள். இதற்கிடையே இன்னொரு தம்பி, தன் தாத்தா வைத்திருந்த ஜீப்பையும் இதே மாதிரி மாற்றப் போவதாகவும், அதற்கு வங்கிக் கடன் கிடைக்குமா என்றும் என்னிடம் கேட்டார். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1940-இல் அமெரிக்க ராணுவம் வேவு பார்க்க ஒரு சிறு வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களிடம் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு வெறும் 49 நாள். பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரிலிருந்த பான்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து வரைபடம் போட்டு, செப்டம்பர் 23 அன்று வண்டியை ஒப்படைத்தது. ஆனால் பெரிய ஆர்டர்கள் போனது வில்லிஸ்-ஓவர்லேண்டுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடிவதற்குள் அந்த இரண்டு நிறுவனங்களும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. பெற்ற பிள்ளையை வளர்க்கும் பாக்கியம் பான்டத்துக்கு இல்லை.

வில்லிஸ் வண்டியின் எஞ்சின் 2.2 லிட்டர், 60 குதிரைத் திறன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம்தான். இந்த 80 அங்குலத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க இளைஞர்களுக்கு எஞ்சினைக் கழற்றி மாட்டும் கைப்பழக்கம் வந்திருந்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டையும் பானெட்டையும் கழற்றி எடையைக் குறைத்து, வி-8 எஞ்சினை வைத்து ஓட்டும் விளையாட்டு போருக்கு முன்பே உண்டு. போருக்குப் பின் அது பெருகியது. ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே 1948 ஜனவரியில் ஒரு பத்திரிகை வந்தது. வில்லிஸ் நிறுவனம் போருக்கு முன் விற்ற சின்னஞ்சிறு கூப் கார்களும் எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளைகள் ஆயின. அதே 1948-இல் வில்லிஸ் நிறுவனமே ஜீப்பின் முகத்தோடு ‘ஜீப்ஸ்டர்’ என்றொரு திறந்த காரை விற்றது. நான்கு சக்கர இழுவை கிடையாது, முழுக்க முழுக்க தெருவில் சுற்றுவதற்கான வண்டி. மூன்று வருடத்தில் நின்றுபோனது. ஆக, ஜீப்பைத் தெருவுக்கு இறக்கும் ஆசை நம் பார்க்கிங்கில் பிறந்ததல்ல.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. 1945-இல் ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து ‘மகிந்திரா அண்ட் முகமது’ என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பின் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே பெயர்ப்பலகை 1948-இல் ‘மகிந்திரா அண்ட் மகிந்திரா’ என்று மாறியது. 1947-இல் 75 ஜீப்புகள் உதிரிகளாக வந்து இறங்கின. 1949-இல் பம்பாய் மஸகானில் பூட்டும் வேலை தொடங்கியது. நாம் சினிமாவிலும் தேர்தலிலும் தாசில்தார் வருகையிலும் பார்த்த உயரமான பானெட் வைத்த ஜீப், சி.ஜே.3பி என்ற வகை. புதிய எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் தூக்கி வைத்தார்கள், அழகுக்காக அல்ல. அமெரிக்காவில் அது நின்ற பிறகும் இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது.

நம்மூர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். 1979-இல் மகிந்திரா டீசல் எஞ்சினுக்கான உரிமம் பெற்றது பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம். பிரெஞ்சு ராணுவத்துக்கும் ஹாட்ச்கிஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி 1966 வரை ஜீப் செய்து கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் அவர்கள் நாட்டு எஞ்சின் ஜீப்புக்குள் உட்கார்ந்து புதுச்சேரிக்கு வந்துவிட்டது!

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப்புகளை வாங்கி உருமாற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஊரும் உண்டு. ஹரியானா-பஞ்சாப் எல்லையிலுள்ள மண்டி டப்வாலி. திறந்த மேனி, பெரிய டயர், பளபளக்கும் பம்பர் என்று வடக்கில் புகழ்பெற்றது. நம் பக்கத்தில் அலங்காரத்தைவிடச் சிக்கனம்தான் முதலில் வந்தது. பெட்ரோல் விலை ஏற ஏற, பட்டறையில் விட்டு டீசல் எஞ்சினை மாற்றிக்கொண்டார்கள்.

இங்கேதான் என் பழைய வேலை குறுக்கிடுகிறது. வாகனக் கடன் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவோம். புத்தகத்தில் பெட்ரோல் என்றிருக்கும், பானெட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின் இருக்கும். எண் ஒத்துவராத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வங்கிக்கு அது அடமானம் ஆகாது. கடனில் ஒரு பைசா பாக்கி வைக்காத மனிதர்கள்கூட இந்த ஒரு காரணத்தால் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

சட்டம் இப்போது இன்னும் இறுகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. மாற்றத்தை மறைத்து எடுத்த இன்சூரன்சில் விபத்துக்கு இழப்பீடு கேட்டால் கம்பெனி கேள்வி எழுப்ப இடமுண்டு.

வெறும் காகிதப் பயம் என்று நினைக்க வேண்டாம். அந்த 80 அங்குலத்துக்கு வருவோம். நீளம் குறைந்து உயரம் கூடிய வண்டி, அடியில் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். இதில் மூன்று மடங்கு சக்தியுள்ள எஞ்சினை வைத்து ஈ.சி.ஆர். சாலையில் விரட்டினால், திருப்பத்தில் வண்டி கவிழத்தான் பார்க்கும். அகல டயர் ஸ்டியரிங்குக்கும் பேரிங்குக்கும் கூடுதல் பாரம். ஹாட் ராட் கட்டிய அமெரிக்கர்களில் விவரம் தெரிந்தவர்கள் எஞ்சினோடு பிரேக்கையும் அச்சையும் சேர்த்தே மாற்றினார்கள். நம் பட்டறைகளில் பெரும்பாலும் பெயின்ட்டுக்கும் சத்தத்துக்கும்தான் செலவு போகிறது. இது என் அபிப்பிராயம், வண்டிக்காரத் தம்பிகள் கோபிக்க வேண்டாம்.

பழைய ஜீப்பை வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு 2021 ஜூலையில் வந்த விதி ஒரு வழி திறந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். நமக்கு ‘பி.ஒய். வி.ஏ.’. கண்காட்சிக்கும் பழைய வாகன அணிவகுப்புக்கும் ஓட்டலாம், தினசரி காய்கறி வாங்கப் போக முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை: சேஸிஸ், மேற்கூடு, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. மட்கார்டை வெட்டி எஞ்சினை மாற்றிய அன்றே அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு செலவழித்து வெல்டிங் வைத்தாலும் பழைய உடம்பு திரும்பாது.

இருக்கை உறை, டார்ப்பாலின் கூரை, ஒயரிங், பிரேக் பழுது என்று செலவழிக்க நிறைய இடம் இருக்கிறது. நிறம் மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் அதைப் பதிந்துவிடுங்கள்.

வீட்டில் பழைய வண்டியும் அதன் புத்தகமும் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் சங்க அறைக்கு எடுத்து வாருங்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன்.