நடுநாட்டின் கிளைக்கதைகள்: கூத்துக்களத்திலிருந்து வீட்டுக்கு

ஒருவர் படைத்த கதையின் மாந்தரை, அக்கதையில் தோய்ந்த இன்னொருவர் எடுத்துக்கொண்டு, மூலம் சொல்லாமல் விட்டவற்றைப் புனைந்து எழுதுவதை இன்று ரசிகர் புனைவு என்கின்றனர். இதன் நவீன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1967ஆம் ஆண்டில், 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தாமே தொகுத்து வெளியிட்ட 'ஸ்பாக்கனாலியா' என்ற சிற்றிதழிலிருந்து தொடங்குவர். ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டத்திலுள்ள நைனார்பாளையம் போன்ற ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நடுநாட்டில், அதாவது தொண்டை மண்டலத்துக்கும் சோழநாட்டுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், பிறர் கதையைத் தம் கதையாக்கி வளர்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. விடுமுறை நாளில் வீட்டில் தனியே அமர்ந்து அத்தகைய கதையைப் படிப்பது மட்டுமே அவ்வரலாற்றில் அண்மைக்காலத்தில் சேர்ந்த பகுதி.

இந்த வழக்கத்தின் வேர் பாரதத்தில் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் வில்லிபுத்தூரார், நடுநாட்டின் உட்பகுதியான திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பதும், வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டானின் வேண்டுகோளுக்கு இணங்கித் தம் பாரதத்தைப் பாடினார் என்பதும் மரபுச் செய்தி. அருச்சுனன் மணக்கும் சித்திராங்கதையை அவர் பாண்டியன் மகளாகப் பாடியதால், வடநாட்டுக் காவியத்தின் ஒரு கிளை தமிழ் மண்ணில் ஊன்றிக்கொண்டது. அந்தக் கிளையிலிருந்து மக்கள் வளர்த்தெடுத்ததுதான் அல்லியின் கதை. மதுரையை ஆண்ட அல்லி, ஆண்களுக்கு அடங்காத அரசி. அவள் உறங்கும்போது கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் புகுந்த அருச்சுனன் தாலி கட்டிவிட, அதனால் மூளும் சினமும் பூசலும், அவர்களுக்குப் பிறக்கும் புலந்திரனின் வரலாறும் 'அல்லி அரசாணி மாலை', 'புலந்திரன் களவு' எனத் தனித்தனிக் கதைப்பாடல்களாக வளர்ந்தன. இவை நளவெண்பா பாடிய புகழேந்தியின் பெயரால் வழங்கினாலும், நடையும் சொல்லாட்சியும் நோக்குவோர் அவற்றை அவர் பாடியவையாக ஏற்பதில்லை. பெயர் தெரியாத பலர் தம் ஆக்கத்தைப் புகழ்பெற்ற புலவரின் பெயருக்குள் வைத்துக் காத்தனர் என்றே கொள்ள வேண்டும்.

அல்லியைக் காட்டிலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு நெருக்கமானவன் அரவான். வடமொழிப் பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான், போரின் எட்டாம் நாளில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல அக்காவியத்துக்கு அதிகமில்லை. தமிழிலோ, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அவன் போர் தொடங்குமுன் வெற்றிக்காகத் தன்னையே களப்பலி கொடுப்பவனாக மாறிவிடுகிறான். பின்வந்த நாட்டார் மரபு இதனோடும் நிற்கவில்லை. மறுநாள் சாகப் போகிறவனுக்கு மனைவியாக எந்தப் பெண்ணும் முன்வராததால் கண்ணனே மோகினியாக வந்து ஓரிரவு மணந்தான் என்றும், வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் கண் மூடாமல் பார்த்தது என்றும் அது கதையை நீட்டியது. உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவராக வழிபடப்படுபவன் இந்த அரவானே. சித்திரைத் திருவிழாவில் திருநங்கையரும், நேர்ந்துகொண்ட ஆடவரும் அவன் பெயரால் தாலி கட்டிக்கொள்வதும், களப்பலி முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தித் திருநங்கையர் ஒப்பாரி வைப்பதும், மூலக்கதை அழ மறந்த ஒருவனுக்காக அழுது தீர்ப்பதாகும். கிளைக்கதை என்பது மூலத்தைச் சிதைப்பது என்று சொல்வோர் இந்த ஒப்பாரிக்கு முன் தம் கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கதைகள் மக்களிடம் சேர்ந்தது திருவிழாக் காலத்தில்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பிற்பகல் முழுதும் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் படித்துப் பொருள் சொல்ல, இரவில் தொடங்கி விடியும்வரை தெருக்கூத்து நடக்கும். அரவான் களப்பலியும் கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் அடுத்தடுத்த இரவுகளில் ஆடப்பட, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி நிகழும் படுகளத்தோடு விழா முடிவை நெருங்கும். கதையைத் தனியாக அறிவதற்கு அங்கு வழியில்லை. ஊரே விழித்திருந்து சேர்ந்து கேட்டது.

1835ஆம் ஆண்டின் சட்டம் இந்தியர் அச்சகம் வைத்துக்கொள்ள இருந்த தடையை நீக்கிய பின், இந்நிலை மெல்ல மாறியது. பெரிய எழுத்துப் புத்தகங்கள் எனப்பட்ட மலிவு நூல்கள், கூர்ந்து பார்க்க இயலாத முதியவரும் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் தடுமாறாதபடி பருத்த அச்சில், எளிய படங்களோடு வெளிவந்து சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்கப்பட்டன. அல்லியும், பிற கதைப்பாடல்களின் மாந்தரான பவளக்கொடியும் நல்லதங்காளும் அவ்வாறே வீடுகளுக்குள் வந்தனர். ஆயினும் அப்போதும் வாசிப்பு மௌனமானதன்று. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து இராகம் போட்டுப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்பதே வழக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் கிளைக்கதை உரைநடைக்கு மாறியபோது, அதன் மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றைத் தந்தவர் இப்பகுதியில் பால்ய பருவத்தைக் கழித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1906ஆம் ஆண்டில் பிறந்த புதுமைப்பித்தன், தாசில்தாராக இருந்த தந்தையின் பணியால் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் கள்ளக்குறிச்சியிலும் தொடக்கக் கல்வி பெற்று, 1918ஆம் ஆண்டில் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குச் சென்றார். அவர் 1943ஆம் ஆண்டில் எழுதிய 'சாபவிமோசனம்', கல்லாகி மீண்ட அகலிகையின் பின்வாழ்வைத் தொடர்கிறது. தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதையின் வாயாலேயே அறிந்ததும் அவள் மறுபடியும் கல்லாகிறாள். அரவானுக்கு நாட்டார் மரபு செய்ததை அகலிகைக்கு ஒரு தனி எழுத்தாளர் செய்தார், ஆனால் பரிவோடு மூலத்தின்மீது கேள்வியையும் சேர்த்தார்.

வாசிப்பு முழுதும் வீட்டுக்குள் அடங்கியது வார இதழ்களின் காலத்தில். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' இதழில் வெளியான 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, மாந்தரின் பிற்கால வாழ்வை அறிய வாசகர்கள் கொண்டிருந்த ஆவலை உணர்ந்து, ஆசிரியர் கல்கியே முடிவுரை எழுதிச் சில விளக்கங்கள் தர நேர்ந்தது. அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்ததால் எஞ்சிய ஆவலைப் பிறர் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அவர்களுள் முன்னோடியானவர் விழுப்புரத்தில் பிறந்து, 'அமுதசுரபி' இதழை அரை நூற்றாண்டு அளவுக்கு நடத்திய விக்கிரமன்; அவருடைய 'நந்திபுரத்து நாயகி' கல்கி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறது. பின்னர் அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' அதே மாந்தரை இன்னொரு வழியில் கொண்டுசென்றது. இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் வீட்டில் ஒருவர்பின் ஒருவராகப் படித்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்; அதிகம் புரட்டப்பட்டு நைந்த அந்தத் தொகுதிகளே, திண்ணையில் கேட்ட செவியைத் தனியே படிக்கும் கண்ணாக மாற்றியவை.

2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' படங்கள் இரண்டும் வெளியான பின், அக்கதையின் மாந்தரான நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் வேறொரு முடிவை எழுதும் புனைவுகள் இணையத்தில் வெளிவந்தன. கைப்பேசித் திரையில் அவை படிக்கப்படுகின்றன. இவற்றுள் பல அவசரமாக எழுதப்பட்டவை, சில நிலைக்கத் தக்கவை. பெரிய எழுத்துப் புத்தகங்களின் நிலையும் அதுவாகவே இருந்தது. திருவிழா இரவில் கூத்துக்களத்துக்குச் சென்று அரவானைக் காண்பவரும், மறுநாள் விடுமுறையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நந்தினியின் கதையைப் படிப்பவரும் இம்மாவட்டத்தில் ஒரே ஆளாக இருக்கக்கூடும். கூத்தும் நின்றுவிடவில்லை, வாசிப்பும் குறைந்துவிடவில்லை.