களத்தில் இறங்காமல் வென்றவர்

ஒரு கிரிக்கெட் குழு வெற்றி பெற்றால் நாம் யாரைப் பாராட்டுகிறோம்? நூறு ஓட்டம் எடுத்தவரை, ஐந்து விக்கெட் வீழ்த்தியவரை, குழுத் தலைவரைப் பாராட்டுகிறோம். அந்தப் பதினொரு பேரைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்த்தவர் யார் என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் பெரிதும் விரும்பி ஆடப்படும் பேஸ்பால் ஆட்டத்தில் இந்த வேலைக்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். அவருக்குப் பொது மேலாளர் என்று பெயர். அவர் மட்டையைத் தொடுவதில்லை, பந்தை வீசுவதில்லை. ஆனால் எந்த இளைஞனைச் சேர்ப்பது, எந்த வீரரைக் கொடுத்து எவரை வாங்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இந்த வேலையை ஒரு கலையாக மட்டுமின்றி, ஓர் அறிவியலாகவும் வளர்த்தவர் பிராஞ்ச் ரிக்கி. அவருடைய கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். பந்தை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த தளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். ஒரு சுற்றில் மூன்று பேர் ஆட்டம் இழந்தால் அந்தச் சுற்று முடிந்தது. மொத்தம் ஒன்பது சுற்றுகள். ஆகவே ஒரு குழுவின் கையிருப்பு 27 ஆட்டமிழப்புகள்தான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

தோற்ற வீரர்

ரிக்கி 1881ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தில் பிறந்தார். பந்து வீசுபவரின் பந்தைப் பிடிக்கும் 'கேட்சர்' வேலை அவருடையது. அதில் அவர் புகழ் பெறவில்லை. 1907இல் ஒரே ஆட்டத்தில் எதிர்க் குழுவினர் அவர் கண் முன்னே 13 தளங்களைத் திருட்டோட்டம் ஓடிப் பிடித்தார்கள். கை வலியால் அவரால் பந்தைச் சரியாக எறிய முடியவில்லை. ஆட்டத்தை விட்டு விலகிச் சட்டம் படித்தார். பிறகு செயின்ட் லூயி நகரத்துக்கு வந்து, 1917இல் கார்டினல்ஸ் குழுவில் பொறுப்பேற்றார்.

அது ஏழைக் குழு. சொந்த மைதானத்தையே விற்றுவிட்டு, 1920 முதல் அதே நகரத்து மற்றொரு குழுவின் மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. சிறிய ஊர்க் குழு ஒன்றில் நல்ல இளைஞன் ஒருவனை ரிக்கி கண்டுபிடித்து விலை பேசுவார். செய்தி பரவியதும் பணக்கார நியூயார்க் குழு அதைவிட அதிக விலை கொடுத்து அவனைத் தட்டிக்கொண்டு போகும். கண்டுபிடிப்பது இவர், கொண்டுபோவது அவர்கள்.

நாற்றங்கால் முறை

சந்தையில் வாங்க வசதியில்லாதவன் என்ன செய்வான்? தானே பயிரிடுவான். ரிக்கியும் அதைத்தான் செய்தார். மைதானத்தை விற்று வந்த பணத்தின் துணையோடு, சிறிய ஊர்க் குழுக்களில் பங்குகளையும், பின்னர் முழுக் குழுக்களையுமே வாங்கினார். நூற்றுக்கணக்கான இளைஞர்களை அழைத்துச் சோதித்து, தேறியவர்களைக் கீழ்மட்டக் குழுக்களில் சேர்த்தார். அங்கே நன்கு ஆடியவர் அடுத்த மட்டத்துக்கு ஏறினார். இறுதியில் சிலர் மட்டும் கார்டினல்ஸ் குழுவை அடைந்தனர். அமெரிக்கர்கள் இதைப் 'பண்ணை முறை' என்றனர். நம் உழவர்களின் மொழியில் நாற்றங்கால் எனலாம்.

இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் பின்னாளில் சிறந்த வீரனாவானா என்பதை எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நூறு பேரில் இரண்டு பேர்தான் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேரை வைத்திருப்பவனுக்கு ஒருவரும் கிடைக்காமல் போகலாம். ஐந்நூறு பேரை வைத்திருப்பவனுக்கோ ஏறக்குறையப் பத்துப் பேர் கிடைப்பார்கள். தனி மனிதனைப் பற்றி உறுதியில்லை. கூட்டத்தைப் பற்றி ஓரளவு உறுதி உண்டு. காப்பீட்டுக் கழகங்கள் நம்பியிருக்கும் அதே நிகழ்தகவு விதிதான் இது.

பலன் விரைவில் தெரிந்தது. 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் கார்டினல்ஸ் 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் போட்டியை வென்றது. டிசி டீன், ஸ்டான் மியூசியல் போன்ற பெரும் வீரர்கள் இந்த நாற்றங்காலில் வளர்ந்தவர்களே.

கொடுத்து வாங்கும் கலை

வீரர்களை மாற்றிக்கொள்வதிலும் ரிக்கிக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரு வீரரை ஓராண்டு தாமதித்துக் கொடுப்பதைவிட ஓராண்டு முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது என்பார் அவர். வீரரின் திறமை இருபது வயதுகளின் பிற்பகுதியில் உச்சத்தை அடைந்து, பிறகு மெல்ல இறங்குகிறது. புகழோ இறங்கத் தாமதமாகிறது. திறமை இறங்கியும் புகழ் இறங்காத அந்த இடைவெளியில் விற்றால் நல்ல விலை கிடைக்கும்!

காயம்பட்ட டிசி டீனை 1938இல் சிகாகோவுக்குக் கொடுத்து, மூன்று வீரர்களையும் 1,85,000 டாலரையும் பெற்றார். டீனின் பழைய வேகம் திரும்பவே இல்லை. பின்னர் ரிக்கி புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்கு மாறினார். அங்கே 1947 டிசம்பரில், 37 வயதான டிக்சி வாக்கரையும் வேறு இருவரையும் பிட்ஸ்பர்க் குழுவுக்குக் கொடுத்தார். பதிலுக்கு வந்தவர்களில் இருவர் பிரீச்சர் ரோவும் பில்லி காக்ஸும். ரோ அந்த ஆண்டு 4 ஆட்டங்களில் வென்று 15 ஆட்டங்களில் தோற்ற பந்துவீச்சாளர். அதே ரோ 1951இல் டாட்ஜர்ஸுக்காக 22 வெற்றி, 3 தோல்வி என்று சாதித்தார். வாக்கரின் ஆட்டம் 1949உடன் முடிந்தது.

எண்கள் சொன்ன உண்மை

1947இல் ஆலன் ராத் என்னும் புள்ளியியல் வல்லுநரை ரிக்கி முழுநேர வேலைக்கு அமர்த்தினார். அக்காலத்தில் மட்டையாளரின் மதிப்பை அடி விகிதத்தைக் கொண்டே அளந்தார்கள். ஆனால் பந்து வீசுபவர் நான்கு தவறான பந்துகளை வீசினால், மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அடி விகிதத்தில் இது சேராது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். இருவரும் தலா 600 முறை மட்டை பிடிக்கிறார்கள். முதலாமவர் 30 முறை நடந்து செல்கிறார். மற்ற 570இல் 171 அடிகள். அடி விகிதம் 0.300. இரண்டாமவர் 100 முறை நடந்து செல்கிறார். மற்ற 500இல் 135 அடிகள். விகிதம் 0.270தான். ரசிகர்கள் முதலாமவரையே போற்றுவார்கள். ஆனால் தளத்தை அடைந்தவர் யார் எத்தனை முறை? முதலாமவர் 201, இரண்டாமவர் 235. குழுவின் கையிருப்பு 27 ஆட்டமிழப்புகளே என்று பார்த்தோம் அல்லவா? அவற்றை வீணாக்காதவர் இரண்டாமவர்தான். 1954இல் 'லைஃப்' இதழில் ரிக்கி இக்கருத்தை விளக்கினார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகே பேஸ்பால் உலகம் முழுவதும் இதை ஏற்றது.

திறக்கப்பட்ட கதவு

ஆயினும் ரிக்கியின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது வேறொரு தேர்வு. அன்று பெரிய குழுக்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் தனிக் குழுக்களில் ஆடிவந்தனர். 1945 ஆகஸ்டில் கிளைட் சுக்ஃபோர்த் என்னும் உதவியாளரை அனுப்பி, ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை ரிக்கி வரவழைத்தார். வசை வரும், அடி விழும். திருப்பித் தாக்காமல் பொறுக்க முடியுமா என்று கேட்டார். ராபின்சன் ஒப்புக்கொண்டார். 1947 ஏப்ரல் 15 அன்று அவர் டாட்ஜர்ஸ் குழுவில் களமிறங்கினார். அவர் வருகையை விரும்பாமல், தம்மை வேறு குழுவுக்கு மாற்றும்படி கடிதம் எழுதியவர்தான் மேலே கண்ட வாக்கர். அந்த ஆண்டின் சிறந்த புதிய வீரர் விருது ராபின்சனுக்கே கிடைத்தது.

இது நீதியா, வணிகமா? இரண்டும்தான். மற்றவர்கள் தொட மறுத்த திறமைச் சுரங்கம் ஒன்று ரிக்கிக்குத் திறந்தது. ஆனால் ராபின்சன் முன்பு ஆடிய கான்சாஸ் நகரக் கறுப்பினக் குழுவுக்கு அவர் ஒரு டாலர்கூட ஈடு தரவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

மனிதனும் சரக்கும்

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கொடுப்பதும் வாங்குவதும் என்கிறீர்களே, அவர்கள் மனிதர்கள் அல்லவா? நியாயமான கேள்வி. ஒரு குழுவில் கையெழுத்திட்ட வீரர், அக்குழு விடுவிக்கும்வரை வேறெங்கும் ஆட முடியாது என்பது அன்றைய விதி. கீழ்மட்டத்தில் தேங்கிய இளைஞர்கள் ஏறவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவித்தனர். 1938இல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், கார்டினல்ஸ் பண்ணையிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டோரை விடுவித்து உத்தரவிட்டார். அந்தப் பழைய விதி தளர்ந்தது 1975 இறுதியில் வந்த நடுவர் தீர்ப்பால்தான்.

நட்டவரும் அறுத்தவரும்

பொது மேலாளராக ரிக்கியின் கடைசி முயற்சி பிட்ஸ்பர்க் குழுவில். 1952இல் அது 42 ஆட்டங்களில் வென்று 112இல் தோற்றது. 1952 முதல் 1955 வரை நான்கு ஆண்டுகளும் எட்டுக் குழுக்களில் எட்டாம் இடம்! ஆனால் கடைசி இடத்துக்கும் ஒரு பயன் இருந்தது. பிற குழுக்களின் கீழ்மட்ட வீரர்களைக் குறிப்பிட்ட விலைக்கு எடுத்துக்கொள்ளும் தேர்வில் முதல் உரிமை அதற்கே. 1954இல், ரிக்கியின் பழைய டாட்ஜர்ஸ் குழு கீழ்மட்டத்தில் வைத்திருந்த போர்ட்டோ ரிக்கோ இளைஞன் ஒருவனைச் சுக்ஃபோர்த் கண்டார். 4,000 டாலருக்குப் பிட்ஸ்பர்க் அவனை எடுத்தது. அவர்தான் ராபர்டோ கிளமென்டே. பின்னாளில் சரியாக 3,000 அடிகளை எட்டிய மாவீரர் அவர்.

1960இல் பிட்ஸ்பர்க் உலகத் தொடரை வென்றது. அப்போது ரிக்கி அங்கே பொது மேலாளராக இல்லை. நட்டவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

1965இல், பள்ளி, கல்லூரி இளைஞர்களை எல்லாக் குழுக்களும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' முறை வந்தது. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய குழுவுக்கு முதல் வாய்ப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் ரிக்கி தம் 83ஆம் வயதில் மறைந்தார்.

அடுத்த முறை ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, ஓட்ட எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். இந்த வீரரை முதலில் கண்டவர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு முன்னே, எத்தனை பேரில் ஒருவராகக் கண்டார் என்று சிந்தியுங்கள். அதோடு, தேர்வு பெறாமல் வீடு திரும்பிய மற்றவர்களையும் ஒரு கணம் நினையுங்கள். ஆட்டத்தின் முழு வரலாறு அப்போதுதான் விளங்கும்.