சி56 31: ஓர் இஞ்சினின் போக்கும் வரவும்

டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டி யூஷூகான் என்றொரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைந்ததும் வரும் கூடத்தில் ஒரு ஜீரோ போர் விமானம் நிற்கிறது. அதே கூடத்தில், கறுப்புச் சாயம் பளபளக்க, ஒரு நீராவி இஞ்சினும் நிற்கிறது. எண் தகட்டில் ‘சி56 31’ என்று இருக்கும். 1936இல் செய்தது, 1979இல் இங்கே வந்து சேர்ந்தது. இடையில் அது எங்கே ஓடியது, யார் போட்ட பாதையில் ஓடியது என்று தெரிந்த தமிழர் எவரும் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு சும்மா நகர்ந்துவிட முடியாது.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஜப்பான் அரசு ரயில்வே தன் நீராவி இஞ்சின்களுக்கு 1928இல் வகுத்த விதி மிகச் சுருக்கமானது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து. இழுக்கும் சக்கரங்களுக்கு எத்தனை அச்சு என்பதை அது சொல்லும்: இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து இ. அடுத்து இரண்டு இலக்கம். 10 முதல் 49 வரை என்றால், கரியையும் தண்ணீரையும் தன் உடம்பிலேயே சுமக்கும் டேங்க் இஞ்சின். 50 முதல் 99 வரை என்றால், அவற்றைச் சுமக்கும் டெண்டரைப் பின்னால் கோத்த இஞ்சின். கடைசியில் வருவது அந்த வகையில் அது எத்தனையாவது என்ற வரிசை எண். ஆக, சி56 31 என்றால் மூன்று ஜோடி இழுசக்கரம், டெண்டர் உண்டு, தன் கூட்டத்தில் முப்பத்தொன்றாவது. நம் மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்பி, ஒய்ஜி இஞ்சின்களில் ‘ஒய்’ பாதையின் அகலத்தைக் குறித்தது. பி பயணிகள் வண்டி, ஜி சரக்கு வண்டி. ஜப்பான் அரசுப் பாதை பெரும்பாலும் ஒரே அகலம், 1,067 மில்லிமீட்டர். அதனால் கேஜுக்கு என்று ஓர் எழுத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சுருக்கத்துக்கு வந்து சேர அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1872 அக்டோபர் 14 அன்று ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் பாதை திறந்தபோது இஞ்சின்கள் எல்லாம் பிரிட்டனிலிருந்து வந்தவை. வல்கன் ஃபவுண்டரியில் 1871இல் செய்யப்பட்ட ‘ஒன்றாம் எண்’ இஞ்சின் இன்றும் சைதாமாவின் ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு வடக்கே ஹொக்கைடோவில் அமெரிக்க இஞ்சின்கள், தெற்கே கியூஷுவில் ஜெர்மன் இஞ்சின்கள் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த கடையில் வாங்கியது. 1906இல் சட்டம் போட்டு, அடுத்த ஆண்டுக்குள் 17 தனியார் ரயில் கம்பெனிகளை அரசு வாங்கியபோது கையில் வந்தது ஒரு காயலாங்கடை. ஒரே எண்ணில் பல இஞ்சின்கள். ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குச் சேராது.

1909இல் எல்லாவற்றுக்கும் மறுபடி எண் போட்டார்கள். 4999 வரை டேங்க் இஞ்சின், 5000 முதல் 9999 வரை டெண்டர் இஞ்சின். அதற்குள் அச்சுகளின் எண்ணிக்கைப்படி பிரிவுகள். காகிதத்தில் அழகான திட்டம்தான். ஆனால் ஜப்பானியத் தொழிற்சாலைகள் சொந்தமாக, அதுவும் நூற்றுக்கணக்கில், இஞ்சின் செய்யத் தொடங்கிவிடும் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. 1914இல் வந்த 8620 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இஞ்சினின் எண் 8620. எண்பதாவது 8699. அதற்கு மேல் 8700க்குப் போக முடியாது, அது வேறொரு வகையின் இடம். எனவே எண்பத்தொன்றாவது இஞ்சினுக்கு முன்னால் ஓர் ஒன்றைச் சேர்த்து 18620 என்றார்கள். அடுத்த எண்பது முடிந்ததும் 28620. 58654 என்ற எண்ணைப் பார்த்தால் ஐந்து எண்பது நானூறு, அதோடு 54இலிருந்து 20 போக 34, கூட ஒன்று, ஆக 435ஆவது இஞ்சின் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜப்பானிய ரயில் பைத்தியங்கள் இந்தக் கணக்கை மனத்திலேயே போடுவார்கள். ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளையாட்டாக இருந்திருக்காது.

1928இல் எழுத்து முறை வந்ததும் 18900 என்ற விரைவு வண்டி இஞ்சின் சி51 ஆயிற்று. 9900 என்ற சரக்கு இஞ்சின் டி50 ஆயிற்று. 8620, 9600 போன்ற பழையவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். ஓடிக்கொண்டிருப்பதன் தகட்டைக் கழற்றி மாற்றுவது வீண் செலவு என்ற அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் புது வரிசையில்தான் டி51 வந்தது. அரசு ரயில்வேக்கு மட்டும் 1,115 இஞ்சின்கள். ஜப்பானில் இவ்வளவு எண்ணிக்கையில் வேறெந்த வகையும் செய்யப்படவில்லை. அதை வடிவமைத்த ஷிமா ஹிதேயோதான் பின்னாளில் ஷின்கன்சென் அதிவேக ரயிலின் தலைமைப் பொறியாளர். போருக்குப் பிறகு 1948இல் வந்த சி62 பயணிகள் இஞ்சின்களில் எல்லாம் பெரியது. அவற்றில் ஒன்று 1954இல் மணிக்கு 129 கிலோமீட்டர் வேகம் காட்டியது. ஐந்து அச்சு கொண்ட இ10 வகையில் ஐந்தே ஐந்துதான் செய்தார்கள்.

இந்தப் பெருந்தலைகளுக்கு நடுவே சி56 ஒரு சின்னப் பிள்ளை. கிளைப் பாதைகளில் தண்டவாளம் மெலிசு, பாலம் பலவீனம். கனமான இஞ்சினை ஏற்ற முடியாது. அங்கே ஓடிக்கொண்டிருந்த சி12 என்ற டேங்க் இஞ்சினுக்குத் தூரம் போகக் கரியும் தண்ணீரும் போதவில்லை. அதன் பாய்லரையும் சக்கரங்களையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஒரு டெண்டரைக் கோத்தார்கள். அதுதான் சி56. டெண்டரோடு சேர்த்துச் சுமார் 65 டன். ஓர் அச்சுக்குப் பதினோரு டன்னுக்கும் குறைவான சுமை. டெண்டரின் மேல்பக்கங்களைச் சரித்து வெட்டியிருப்பார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்தால் பின்பாதை தெரியும். வண்டியைத் திருப்பும் மேடை இல்லாத மலைக்கோடி ஸ்டேஷனிலிருந்து பின்புறமாகவே ஓட்டி வந்துவிடலாம். நாகானோ மலைப்பகுதியின் கோமி பாதையில் ஓடிய சி56களுக்கு மேட்டுநிலத்து மட்டக்குதிரை என்று செல்லப்பெயர் இருந்தது. 1935 முதல் 1939 வரை அரசு ரயில்வேக்கு 160 சி56கள் வந்தன. அவற்றில் 31ஆவது நிப்பான் ஷார்யோ கம்பெனியில் உருவாகி, இஷிகாவா மாநிலத்தில் கடலோர நானாவோ ஷெட்டுக்கு வேலைக்குப் போனது.

ஐந்து வருடம்தான். எடை குறைவு, எந்தப் பாதையிலும் ஓடும், முன்னும் பின்னும் ஓடும் என்ற இந்தக் குணங்களே அதை மாட்டிவிட்டன. 1941இல் ராணுவம் சி56 வகையின் முதல் 90 இஞ்சின்களையும் மொத்தமாக எடுத்துக்கொண்டது. தென்கிழக்காசியாவில் பாதை மீட்டர்கேஜ். சக்கர இடைவெளியை 67 மில்லிமீட்டர் குறுக்கி, கப்பலேற்றி, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் அனுப்பினார்கள். 91ஆவதிலிருந்து வீட்டோடு இருந்துகொண்டன. ஒரே தொழிற்சாலைச் சகோதரர்கள். வரிசை எண் விதியைப் பிரித்தது.

அவை போன பாதை சயாமின் நாங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயட் வரை 415 கிலோமீட்டர். கடல்வழியில் நேசநாட்டுக் கப்பல்கள் அடிக்கின்றன என்பதால், பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குத் தரைவழியே தளவாடம் அனுப்பப் போட்ட பாதை. பர்மா பக்கத்தில் ஐந்தாவது ரயில்வே ரெஜிமென்ட்டும் சயாம் பக்கத்தில் ஒன்பதாவதும் வேலையை நடத்தின. தண்டவாளத்தின் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்துக் கொண்டுவந்தது.

ஆட்களையும் மலாயாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலையில்லை. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிச் சிலர் ஏறினார்கள். பேச்சு எடுபடாமல் போனபின் பிடித்து ஏற்றப்பட்டவர்கள் பலர். மலாயாவிலிருந்து போன எழுபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பர்மியரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் சேர, ஆசியத் தொழிலாளர் தொகை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர். 1943 மழைக்காலத்தில், வேலையை முடிக்கச் சொல்லி டோக்கியோ விரட்டிய மாதங்களில், காலரா முகாம் முகாமாக ஏறியது. கைதிகளின் கூடாரங்களில் அவர்களுடைய ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். தோட்டத்து ஆட்களின் கொட்டகைகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

1943 அக்டோபர் 17 அன்று இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் கொங்கோயிட்டாவில் சந்தித்தன. 25 அன்று திறப்பு விழா. அதில் கலந்துகொண்ட இஞ்சின் சி56 31.

செத்தவர்கள் எத்தனை பேர்? கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது, சீருடை இருந்தது, தேடி வர அரசாங்கம் இருந்தது. காஞ்சனபுரி போர்க்கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 கற்கள், பெரும்பாலானவற்றில் பெயருடன். ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு; அவ்வளவுதான். 31ஆம் இஞ்சின் எந்த ஷெட்டில் இருந்தது, யார் கைக்கு மாறியது, எப்போது ஓய்ந்தது என்பதையெல்லாம் எண்ணைப் பிடித்துக்கொண்டே தேடிவிடலாம். அதற்குப் பாதை போட்டவனைத் தேட ஒரு நூல்நுனி கிடையாது. 1957இல் வந்து உலகம் சுற்றிய ஆங்கிலப் படத்தையும் இதில் கணக்குச் சேர்க்கலாம். இலங்கையின் கிதுல்கலவில் எடுத்த அந்தப் படம் இந்தப் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தை வெள்ளைக்காரக் கைதிகளின் கதையாகவே உலகத்தார் மனத்தில் பதித்துவிட்டது. தமிழில் அந்த இடத்தை நிரப்பியவர்கள் மலேசிய எழுத்தாளர்கள்; ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அவற்றில் ஒன்று.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் சயாம் பக்கத்துப் பாதையை சயாம் அரசுக்கு விற்றார்கள். எல்லையோரம் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். இன்று வண்டி ஓடுவது நாம் டோக் வரைதான். பாதையோடு 46 சி56களும் தாய்லாந்து ரயில்வேக்கு வந்தன. 701 முதல் 746 வரை புது எண். 31ஆவது 725 ஆனது, 44ஆவது 735 ஆனது. கரிக்குப் பதில் விறகு போட்டு, ராணுவச் சரக்கு இழுத்த அதே இஞ்சின்கள் முப்பது வருடத்துக்கு மேல் சாதாரணமாக வேலை செய்தன.

ஜப்பானில் அதற்குள் நீராவிக் காலமே முடிந்துவிட்டது. 1949இல் ‘தேசிய ரயில்வே’ என்று பெயர் மாறிய அரசு ரயில்வே, நீராவி இழுத்த கடைசிப் பயணிகள் வண்டியை 1975 டிசம்பர் 14 அன்று ஹொக்கைடோவில் ஓட்டியது. இஞ்சின் சி57 135. பத்து நாள் கழித்து டி51 ஒன்று கடைசிச் சரக்கு வண்டியை இழுத்தது. அடுத்த மார்ச்சில், எண் மாற்றாமல் விட்ட பழைய 9600 வகை இஞ்சின்தான் ஷன்டிங் வேலையோடு கணக்கை முடித்தது. எல்லோருக்கும் முந்தியவன் எல்லோருக்கும் கடைசியாகப் போனான்.

நீராவி போனதும் ஏக்கம் வந்தது. 1977இல் தாய்லாந்தில் 725 ஓய்வு பெறுவது தெரிந்ததும், தெற்கே போன ரயில்வே படைப்பிரிவுகளின் பழைய ஆட்கள் பணம் திரட்டி அதைக் கேட்டு வாங்கினார்கள். 1979இல் அது மீண்டும் சி56 31 ஆகி யாசுகுனிக்குக் காணிக்கையாயிற்று. முந்தைய ஆண்டில்தான் அந்த ஆலயத்தில் முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரும் வணக்கத்துக்குரியோர் வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தன் படைகள் பிறருக்குச் செய்ததை இந்த அருங்காட்சியகம் மறைக்கிறது என்ற குற்றச்சாட்டு பழையது. இந்த இஞ்சின் அதற்கு நல்ல சான்று: பாதையைப் போட்ட படைவீரர்களின் உழைப்பு தெரிகிறது, பாதையைப் போட்டுச் செத்தவர்கள் தெரியவில்லை. இஞ்சினைப் பாதுகாத்தது தவறில்லை. அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் கட்சி.

கூடவே திரும்பிய 44ஆவது இஞ்சினின் பிழைப்பு வேறு. ஓய்கவா ரயில்வே அதை வாங்கி, சக்கரத்தை மறுபடி 1,067க்கு அகட்டி, 1980இல் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சுற்றுலா வண்டி இழுக்க விட்டது. பிறகு ‘தாமஸ்’ கார்ட்டூனில் வரும் ஜேம்ஸ் வேஷம் போட்டார்கள்: உடம்பெல்லாம் சிவப்பு, முன்னால் ஒரு சிரித்த முகம். மரண ரயில் காலத்து இஞ்சினுக்குக் குழந்தைகள் கையசைத்தார்கள். சயாமுக்கே போகாத கடைசித் தம்பி, சி56 160, மேற்கு ஜப்பானில் சிறப்பு வண்டிகளை இழுத்துவிட்டு 2018இல் கியோட்டோவில் ஓய்வெடுத்தது. தாய்லாந்திலேயே தங்கிய சிலவும் உண்டு. காஞ்சனபுரியில் பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அவற்றில் ஒன்றைப் பார்க்கலாம்.

அதே காஞ்சனபுரியில், சயாமில் மாண்ட தமிழர்களுக்காக 2023இல் ஒரு புத்த விகாரை வளாகத்தில் நடுகல் நட்டிருக்கிறார்கள். எண்பது வருடத் தாமதம். போய்த் திரும்பியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் அபூர்வம். சயாமுக்குப் போன தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், போன வருஷம், திரும்பினாரா இல்லையா என்ற நான்கையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.