எங்க அத்தை வைக்கும் பொங்கல் காய்க்குழம்பும் அதன் வரலாறும்

மலருக்கு நீயும் ஏதாவது எழுதும்மான்னு கேட்டாங்க. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி எழுத நம்மில் விவரமானவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் காய்க்குழம்பு பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க. இதுவும் வரலாறுதான், அதிலும் நம்ம பொன்னேரிப் பக்கத்துக்கு ரொம்ப நெருங்கின வரலாறு.

பொங்கல் அன்றைக்கு நம்ம பக்கத்தில் பல வீடுகளில் பல காய் போட்ட குழம்பு வைப்போம். எங்க வீட்டில் ஒற்றைப்படையில்தான் காய் போடணும். ஏழு, ஒன்பது, வசதி இருந்தால் பதினொன்று. மொச்சை, அவரைக்காய், கத்திரிக்காய், வாழைக்காய், கருணைக்கிழங்கு, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு இந்த ஏழும் கட்டாயம். மற்றது அந்த வருஷம் சந்தையில் கிடைப்பதைப் பொறுத்தது.

நான் கல்யாணமாகி வந்த முதல் பொங்கலில் எங்க அத்தை, அதாவது என் மாமியார், பக்கத்தில் என்னை நிற்க வைத்தாங்க. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது. அவங்க செய்வாங்க, நாம பார்க்கணும். மொச்சையை முதலில் தனியாக வேக வைக்கணும். கருணையை புளித்தண்ணியில் தனியாக வேக வைத்து அந்தத் தண்ணியைக் கொட்டிடணும், இல்லைன்னா நாக்கு அரிக்கும். வாழைக்காய், கத்திரி, அவரை வெந்த பிறகுதான் குழம்புப் புளியைக் கரைத்து ஊற்றணும். "புளி பட்டா காய் வேகாது, எத்தினி நேரம் எரிச்சாலும் கல்லு மாதிரிதான் இருக்கும்"னு சொல்வாங்க. புளிப்பு சேர்ந்தால் காய் மெத்துன்னு ஆக ரொம்ப நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் கடைசியில். சீக்கிரம் போட்டால் கரைந்து குழம்பே இனித்துப் போகும்.

உப்பு சரியா, புளி பச்சை வாசனை போச்சா என்பதெல்லாம் அத்தைக்கு மூக்குதான். படையல் போடுவதற்கு முன்னாடி வாயில் வைத்துப் பார்க்க மாட்டாங்க. பல வீடுகளில் இந்த வழக்கம் இருக்கு. அதனால்தான் நம்ம பெரியவங்களுக்கு வாசனையிலேயே கணக்கு வந்திருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பெண் பள்ளிக்கூடத்தில் படித்ததை வீட்டில் சொன்னாள். வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினார், அதற்குப் பிறகுதான் போர்ச்சுகீசியர் கப்பல்களில் மிளகாய் நம்ம நாட்டுக்கு வந்தது, அதன் சொந்த ஊர் அமெரிக்கா என்றாள். அத்தை ஒத்துக்கவே இல்லை. "மொளகா இல்லாம நம்ம ஊர்ல கொழம்பு இன்னாத்த வெச்சிருப்பாங்க? சும்மா சொல்றாங்க"ன்னாங்க. எனக்கும் அப்போ அதே சந்தேகம்தான்.

பதில் எங்க வீட்டு அடுப்பிலேயே இருந்தது. பிள்ளை பெத்தவளுக்கு நாம என்ன கொடுக்கிறோம்? மிளகாய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு வாயு, பரங்கி ஆகாது. மிளகு, சீரகம், பூண்டு, சுக்கு, கத்திரிப் பிஞ்சு, முருங்கைக்கீரை, மணத்தக்காளி, கொஞ்சம் புளி. கூடவே கருவாடு. இந்தப் பத்தியக் குழம்பை என் இரண்டு பிரசவத்துக்கும் அத்தைதான் வைத்துக் கொடுத்தாங்க. அதில் பெரும்பாலும் கப்பலில் வந்த சாமான் ஒன்றுமே இல்லை. பத்தியம் என்று நாம வைப்பது, மிளகாய் வருவதற்கு முன்னாடி எல்லாரும் சாப்பிட்ட குழம்பு. பச்சை உடம்புக்குப் புது சாமான் வேண்டாம்னு பெரியவங்க ஒதுக்கி ஒதுக்கி, பழைய சமையல் அப்படியே நின்றிருக்கு. இதை நான் அத்தையிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "அப்போ மொளகுக்கு காய் மாதிரி வந்ததாலதான் மொளகாயா?"ன்னு கேட்டாங்க. ஆமாம், மிளகு போல உறைக்கும் காய், மிளகாய்.

தெவசத்துக்கு மிளகாய் சேர்க்காமல் மிளகு மட்டும் போட்டு, வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, அவரைக்காய் மட்டும் சமைக்கிற ஐயர் வீடுகளும் இதே கதைதான். ஒரிசாவில் பூரி ஜெகந்நாதர் கோவில் மடப்பள்ளியில் இன்றைக்கும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு நுழைவதில்லை. சாமிக்கும், செத்துப் போனவங்களுக்கும், பிள்ளை பெத்தவளுக்கும் மட்டும் பழைய சமையல் மிச்சமிருக்கு. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

பரங்கிக்காய் தன் பேரிலேயே கதையை வைத்திருக்கு. ஐரோப்பாக்காரங்களை அந்தக் காலத்தில் பரங்கியர் என்றார்கள். மெட்ராஸில் பரங்கிமலை இருக்கு, கடலூர் பக்கம் பரங்கிப்பேட்டை இருக்கு. அந்தப் பரங்கியோடு வந்த காய் பரங்கிக்காய். அவங்க தூரத்து ஆட்கள் இல்லை. நம்ம பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. 1500-களில் அங்கே போர்ச்சுகீசியர் இருந்தாங்க. பிறகு டச்சுக்காரங்க வந்து 1613-ல் ஜெல்டிரியா என்ற கோட்டை கட்டினாங்க. நம்ம பக்கத்து நெசவுத் துணிதான் அவங்களுக்கு வேண்டியிருந்தது. கோட்டை இப்போது மண்மேடு. அவங்க கல்லறைத் தோட்டம் மட்டும் இன்னும் இருக்கு. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் காட்டலாம்.

இப்போ பொங்கல் குழம்புப் பானையைத் திரும்பிப் பாருங்க. மொச்சை, அவரை, கத்திரி, வாழை, கருணை ரொம்பப் பழசு. பரங்கி, சர்க்கரைவள்ளி, மிளகாய் மூன்றும் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது. உருளைக்கிழங்கு போடுற வீடு என்றால் அதுவும் அப்படித்தான், அது நம்ம பக்கம் பரவினது வெள்ளைக்காரங்க ஆட்சியில். தக்காளி அதற்கும் பின்னாடி. எங்க ஆயா சின்னப் பெண்ணாக இருந்தப்போ அவங்க வீட்டில் தக்காளி வாங்கினதே இல்லையாம், ரசம் வெறும் புளியில்தான். ஆகவே "எங்க பரம்பரைக் குழம்பு, எதையும் மாத்தக் கூடாது"ன்னு யாராவது சொன்னால் நான் சும்மா கேட்டுக்குவேன். நம்ம கொள்ளுப் பாட்டிகளுக்குப் பாட்டி யாரோ ஒருத்தி, முன்னே பின்னே பார்க்காத ஒரு மஞ்சள் காயை வெட்டி, இது சீக்கிரம் கரையுது, கடைசியில் போடணும்னு கண்டுபிடிச்சிருக்கா. அதை மருமகளுக்குக் காட்டியிருக்கா. அவள் பேர் எங்கேயும் இல்லை.

பேர் இருக்கிற ஒருத்தரைப் பற்றியும் சொல்லணும். மீனாட்சி அம்மாள் எழுதிய "சமைத்துப் பார்" புத்தகம் 1951-ல் வந்தது. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவங்க. சொந்தக்காரப் பெண்கள் கல்யாணமாகி வெளியூர் போய், இது எப்படி, அது எப்படின்னு கடிதம் போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். அவங்க மாமா கிருஷ்ணசாமி ஐயர், இதையெல்லாம் புத்தகமாகவே எழுதிடுன்னு சொல்லியிருக்கார். பக்கத்தில் நின்று பார்க்க மாமியாரும் அம்மாவும் இல்லாத பெண்களுக்கு அந்தப் புத்தகம் உதவியது. கல்யாணச் சீரோடு வைத்து அனுப்பின வீடுகள் உண்டு. நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கேன். கூட்டு, பொரிச்ச குழம்பு, மோர்க்குழம்பு, ஊறுகாய் எல்லாம் சுத்தமாக அளவோடு இருக்கு.

ஆனால் அது அவங்க வீட்டுச் சமையல். கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு அதில் வராது, வர வேண்டியதும் இல்லை. அதே 1951 மக்கள்தொகைக் கணக்கில், நம்ம நாட்டில் 100 பெண்களுக்கு 9 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அந்த ஒன்பதில் எங்க ஆயா இல்லை. உங்க ஆயாக்களும் பெரும்பாலும் இருந்திருக்க மாட்டாங்க. எழுத்து இருந்த வீட்டுச் சமையல் புத்தகமாச்சு. கழனியில் நாற்று நட்டவங்க வீட்டுச் சமையல் வாய் வழியாகவே வந்தது, அந்த வாய் மூடினால் அதோடு போச்சு.

இதில் அவசரமானது கலவைக் கீரை. காய்க்குப் பேர் தெரியும், கடையில் கிடைக்கும். கலவைக் கீரை அப்படி இல்லை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பொன்னாங்கண்ணி, மூக்கிரட்டை, முள்ளிக்கீரை என்று வரப்பில் தானாக முளைத்ததைப் பறித்து ஒன்றாகக் கடைவது. எந்தக் கீரையை எவ்வளவு சேர்க்கணும், எது துவர்க்கும், எதன் பக்கத்தில் வளரும் எதைத் தொடக் கூடாது என்பது கண்ணால் கற்றுக்கொள்ள வேண்டியது. ஏரிக்கரைப் பக்கம் உப்பு மண்ணில் உமரிக்கீரை வரும். அதை வேக வைத்துத் தண்ணியை வடித்துவிட்டுத்தான் தாளிக்கணும், உப்பு போடக் கூடாது, அதிலேயே உப்பு இருக்கு.

எங்க தெருக்கோடியில் ஒரு ஆயா இருந்தாங்க. கூடையில் கலவைக் கீரை எடுத்து வந்து விற்பாங்க. பத்துப் பன்னிரண்டு கீரை அடையாளம் தெரியும். போன ஆடி மாதம் தவறிட்டாங்க. அவங்க மகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போறாங்க. விடிகாலையில் கம்பெனி வேன் வந்துடும், மதியம் கேன்டீன் சாப்பாடு. வரப்பில் இறங்க நேரம் ஏது? இறங்கினாலும் பாதிக் கழனி பிளாட் போட்டாச்சு, மீதியில் களைக்கொல்லி அடிக்கிறாங்க. மருந்து அடித்த வரப்பில் கீரை பறிக்க முடியாது. அவங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் அடையுது.

நம்ம குழுக்கள் இதில் என்ன செய்ய முடியும்னு பேசினோம். தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கினப்போ கைநாட்டு வைத்தவங்கதான் அதிகம். இன்றைக்கு நாமே தீர்மான நோட்டு எழுதுகிறோம், வரவு செலவு எழுதுகிறோம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கின காலை உணவுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைப்பதும் குழுப் பெண்கள்தான். பிள்ளைங்க தட்டில் விழுகிற சாம்பாரில் எந்தக் காய் இருக்குன்னு கவனிக்க வேண்டிய இடத்தில் நாம இப்போ இருக்கோம்.

அதனால் எங்க குழுவில் ஒரு நோட்டு போட்டிருக்கோம். கூட்டம் முடிந்ததும் பெரியவங்க ஒருத்தர் சொல்ல, எழுதத் தெரிந்தவங்க எழுதணும். முதல் நாளே தகராறு. கலவைக் கீரைக்கு பூண்டும் காய்ந்த மிளகாயும் போதும்னு எங்க அத்தை. பருப்பும் புளியும் இல்லாமல் அது கீரையே இல்லைன்னு தெலுங்கு பேசும் அக்கா ஒருத்தர். ஆந்திரா எல்லையில் இருக்கிற ஊர், இரண்டும் இந்த ஊர்ச் சமையல்தான். இரண்டையும் எழுதிட்டோம்.

அளவுதான் சிரமம். அத்தை ஒரு கை தனியா என்பாங்க. நான் அந்தக் கையளவைத் தராசில் வைத்து நிறுத்தேன். அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "நாலு பேருக்கு ஒரு கை. எட்டு பேருக்கு ரெண்டு கை இல்ல, ஒன்றரைதான். உன் தராசுக்கு அது தெரியுமா?"ன்னாங்க. அதையும் அப்படியே நோட்டில் எழுதியிருக்கேன், தராசுக் கணக்கைப் பக்கத்தில் எழுதியிருக்கேன்.

கீரைப் பக்கங்கள்தான் இன்னும் காலியாக இருக்கு. உங்க வீட்டில் கீரை அடையாளம் தெரிந்த ஆயா, அத்தை, பெரியம்மா யாராவது இருந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வாங்க. நடக்க முடியாதவங்க என்றால் சொல்லுங்க, நாங்க வீட்டுக்கு வரோம். கீரையை வேரோடும் பூவோடும் கொண்டு வாங்க, வெறும் பேர் மட்டும் போதாது. ஒரே கீரைக்கு ஊருக்கு ஒரு பேர் இருக்கு.